கொக்கியை எங்கே மாட்டுவது?

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஜொகூர் மாசாயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசை. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் நான். கையில் ஒட்டடைக் கம்பு. கம்பு நீளமானதுதான், தரையில் நின்றே அடிக்கலாம். ஆனால் மின்விசிறித் தண்டுக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில், ஒரு சிலந்தி குடும்பம் நடத்துவதாக எனக்குச் சந்தேகம். நான் போட்டிருந்தது கம்பெனி கொடுத்த டீ சட்டை. முதுகில் கொட்டை எழுத்தில் 'உத்தாமாக்கான் கெசெலாமத்தான்' என்று இருக்கும். பாதுகாப்புக்கு முதலிடம் கொடு என்று அர்த்தம். முதுகில் அச்சடித்திருப்பதால், போட்டிருப்பவனைத் தவிர எல்லாரும் அதைப் படிக்கலாம்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இறங்குங்க. நான் ஏறுறேன்."

"ஏன், நான் விழுந்துடுவேன்னா?"

"நீங்க விழுந்தா ஒண்ணும் கிடைக்காது. நான் விழுந்தாலாவது சொக்சோ குடுக்கும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகளுக்கென்று சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஒரு திட்டம் நடத்துகிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலையில் அடிபடும்போது உதவி உண்டு. அவளுக்காக அந்தப் பணத்தைக் கட்டுகிறவனே நான்தான். எனக்கு அப்போது இருந்த விபத்துத் திட்டம் சம்பள வேலையில் அடிபட்டால்தான் கணக்கில் எடுத்தது. ஒட்டடை அடிப்பது என் நியமனக் கடிதத்தில் இல்லை.

இறங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. திரும்பி அவளுக்குப் பதில் சொல்லப் போனதில் நாற்காலியின் பின்கால் மேசை விளிம்பைத் தாண்டிவிட்டது. மேசை மேலேயே உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். அங்கே அன்று காலை சுட்ட முறுக்கு, ஒரு டின் நிறைய ஆறிக்கொண்டிருந்தது. அலுவலக வழக்கப்படி அறிக்கை எழுதினால் இப்படி வரும்: காயம் இல்லை, பொருட்சேதம், முறுக்கு ஒரு டின்.

இதில் வெட்கம் எங்கே என்றால், எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் நான்தான். உயரத்தில் வேலை செய்வதற்கான இரண்டு நாள் பயிற்சியை முடித்த சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு, அதே கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலும் ஒட்டடை இருந்தது.

இந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்றால், என் மேசை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு தகுதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எங்களுடையது ஒன்பது பேர் கொண்ட சின்னக் கம்பெனி. தொழிற்சாலைக் கூரை ஒழுகினால் அடைப்பது, மழைத்தண்ணீர்க் கால்வாய் சுத்தம் பண்ணுவது, பழைய தகரத்தைக் கழற்றிப் புதுசு போடுவது. பாசிர் கூடாங், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் என்று ஜொகூரின் தென்கோடியில் சுற்றிச் சுற்றி வேலை. நான் அங்கே ஸ்டோர் கிராணி. ஆணி, திருகு, சீலண்ட், கையுறை எண்ணுகிற வேலை.

2024 ஜூன் 1ஆம் தேதி, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடமென்றால், தனியாகப் பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத சின்னக் கம்பெனியாக இருந்தாலும், ஊழியர்களில் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்றாகிவிட்டது. முதலாளி தன் கடமையில் தவறினால் அபராதம் முன்பு 50,000 வெள்ளி வரை. இப்போது 500,000 வரை. ஒரு பூஜ்யம் கூடியதும் எங்கள் முதலாளிக்குப் பாதுகாப்பின் மேல் பக்தி பிறந்தது. அறையை விட்டு வெளியே வந்தார். முதலில் கண்ணில் பட்டவன் நான். "நீங்கதான் எழுத்து வேலை நல்லா செய்வீங்க" என்றார். அந்த வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை, பெருமையாக இருந்தது.

மூன்று நாள் ஒருங்கிணைப்பாளர் வகுப்பு முடித்து வந்ததும் முதல் காரியமாகத் தமிழாக்கத்தில் இறங்கினேன். எங்கள் ஆட்களில் நான்கு பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கட்டுமான வேலைக்கான பச்சை அட்டை எல்லாரிடமும் இருந்தது. அது ஒரு நாள் அறிமுக வகுப்பு. அந்த ஒரு நாளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னதில் அவர்களுக்கு எவ்வளவு ஏறியது என்று நான் கேட்டதில்லை. அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். நகல் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என் தமிழாக்கம் ஏழு பக்கம். நான்காம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய தைரியத்தில் எழுதியது. பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டுகிற உறுதியான இடத்துக்கு ஆங்கிலத்தில் ஆங்கர் பாயிண்ட் என்பார்கள். நான் 'நங்கூரப் புள்ளி' என்று போட்டேன். காலைக் கூட்டத்தில் கணீரென்று வாசித்தேன். "ஊழியர் எவரும் நங்கூரப் புள்ளியைத் தெரிவு செய்யாமல் உயரம் ஏறலாகாது." எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த தம்பி ஒருவன், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, கையைத் தூக்கினான்.

"அண்ணே, நாம கப்பல் வேலைக்கும் போறோமா?"

சிரிப்பு அடங்கியதும் அவனே மறுபடி கேட்டான். "பெல்ட்டு போட்டுக்கிறேன், சரி. இந்தக் கொக்கிய எங்கண்ணே மாட்டுறது?"

நான் அவனிடம், எந்தக் கூரைக்கும் பொருந்தும்படி ஒரு பதில் சொன்னேன். "எங்கயாச்சும் உறுதியா இருக்கிற இடமா பாத்து மாட்டு, தம்பி."

உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, மாலையில் எண்ணி உள்ளே வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக. ஒரு நாளும் அதை நான் போட்டுப் பார்த்ததில்லை. கூரை மேல் ஏறியதும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்று காலை ஏழு பக்கத் தமிழ் கையில் இருந்ததால் வாய் வரவில்லை.

அந்த ஏழு பக்கத்தில் இன்னொரு திருட்டும் உண்டு. புதுத் திருத்தத்தில் ஊழியருக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று நினைக்க ஒருவருக்குத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. அழகாக மொழிபெயர்த்தும் வைத்திருந்தேன். வாசிக்கிற நேரத்தில் முதலாளி தே தாரே குடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். எச்சில் தொட்டு இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

அடுத்தது கையெழுத்து விவகாரம். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு. டூல்பாக்ஸ் கூட்டம் என்போம். அன்றைய ஆபத்து என்ன, எங்கே ஏறுவது, யார் கீழே நிற்பது என்று பேசி, வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு காலை நெரிசலில் லோரி முன்பே கிளம்பியது. பிறகு தாளை லோரியிலேயே கொடுத்தனுப்பினேன். பிறகு தாள் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது, கோப்பில் வைக்க அழகாக இல்லை. கடைசியில், முதல் நாள் மாலையே மறுநாள் தாளை நானே நிரப்ப ஆரம்பித்தேன். ஐந்து பேனா மாற்றிப் போடுவேன். ராமநாதபுரத்துத் தம்பியின் கையெழுத்தில் முதல் எழுத்தின் சுழி கொஞ்சம் கடினம்; ஒரு மத்தியானம் உட்கார்ந்து பழகினேன்.

அந்தச் சுழியை நான் ஒழுங்காகப் போட்ட ஒரு நாள், உலு திராமில் ஒரு கிடங்குக் கூரை. தரையிலிருந்து ஏழு மீட்டர் இருக்கும். தகரங்களுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் பிளாஸ்டிக் தகடு பதித்திருப்பார்கள். புதிதில் பளிச்சென்று தெரியும். பத்து வருட வெயிலும் மழையும் பட்டால் மேலே பாசியும் தூசியும் ஏறி, தகரம் எது, தகடு எது என்று தெரியாது. வெயிலில் வெந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். தம்பி அதில் கால் வைத்தான். வலது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. இடது கால் சட்டத்தின் மேல் இருந்ததால் அதோடு நின்றது.

மற்றவர்கள் படுத்தபடி ஊர்ந்து போய் இழுத்தார்கள். பெல்ட் போட்டிருந்தான். கயிறும் இருந்தது. கொக்கி? அதைத் தன் பெல்ட்டின் வளையத்திலேயே மாட்டியிருந்தான். உறுதியான இடமாகப் பார்த்து மாட்டு என்று நான் சொன்னேன் அல்லவா. அந்தக் கூரை முழுக்கத் தேடியதில் அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது அவன் இடுப்பு ஒன்றுதான்.

தொடையில் ஏழு தையல். கிளினிக்கில் மூன்று நாள் எம்.சி. கொடுத்தார்கள். நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று என்றதும் முதலாளி பெருமூச்சு விட்டார். அவர் விட்டதைச் சொல்லும் நான், எனக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். எனக்கும் வந்தது.

மறுநாள் அவன் தங்கியிருந்த வீட்டுக்கு ஆப்பிளும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, நேத்து காலையில மீட்டிங்கு நடந்துச்சா? நான் லோரில தூங்கிட்டேன்" என்றான். நடக்கவில்லை என்று சொல்ல வந்தேன். கோப்பில் அவன் கையெழுத்து இருக்கிறது. "நடந்துச்சு தம்பி, நீ தூங்கிட்ட" என்றேன். இந்தப் பத்தியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

2025 தொடக்கத்தில் நானே முதலாளியிடம் போய், உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிக்கு ஆட்களை அனுப்ப வேண்டும், நானும் போகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. ஜனவரி முதல் ஜொகூரில் வெள்ளி, சனி போய் சனி, ஞாயிறு வார விடுமுறை ஆகியிருந்தது. அந்தக் குழப்பத்தில் வகுப்புத் தேதியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறேன்.

பயிற்சி கொடுத்தவர் நம்மவர். பாசிர் கூடாங் பக்கம் கப்பல் பட்டறையில் பல வருடம் சாரம் கட்டியவர். கட்டை விரல் ஒன்று இல்லை. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதலில் பெல்ட் போடுவது. உடம்பு முழுக்கச் சுற்றும் ஹார்னஸ். ஒன்பது வருடமாக எண்ணிய சாமான், ஆகவே நான் முன்வரிசையில் நின்று சரசரவென்று மாட்டினேன். தோள் பட்டை இரண்டும் சரி. தொடையைச் சுற்றிக் கட்ட வேண்டிய பட்டை இரண்டும் கீழே ஆடிக்கொண்டிருந்தன. என் வயிறு மறைப்பதால் அவை எனக்குத் தெரியவில்லை. "சார், இப்படியே விழுந்தா பெல்ட்டு மேல நிக்கும், நீங்க கீழ போயிடுவீங்க" என்றார்.

பிறகு எடை கேட்டார். மரியாதைக்காக 95 என்றேன். அவர் ஓரமாக இருந்த தராசைக் காட்டினார். 103. சாதாரண ஹார்னஸும் கயிறும் 100 கிலோ எடையை வைத்துச் சோதித்தவை. கையில் சுத்தியலும் திருகுப் பையும் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். உள்ளே போய் 140 கிலோ வரை தாங்கும் வேறொன்றைக் கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த அடக்கம்தான் அதிகமாக வலித்தது.

எங்கள் ஸ்டோரில் பழைய இடுப்பு பெல்ட் ஆறு இருக்கின்றன, பதினைந்து வருடமாகப் புதுசு போலப் பராமரிக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். விழும் ஆளை இடுப்பில் மட்டும் பிடித்து நிறுத்தினால் முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் அடி வாங்கும். தலைகீழாகப் புரண்டால் ஆளே உருவிக்கொண்டு போய்விடுவார். விழுவதைத் தடுத்து நிறுத்த இந்த இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதலே தடை செய்துவிட்டார்கள். "வெட்டிப் போடுங்க. சும்மா தூக்கிப் போட்டா வேற யாராச்சும் எடுத்துக் கட்டிப்பாங்க" என்றார். திரும்பி வந்து ஐந்தை வெட்டினேன். ஆறாவது என் மோட்டார் சைக்கிள் பின்னால் அரிசி மூட்டை கட்ட உதவுகிறது.

மத்தியானம் பேச்சு சுவாரசியமானபோது எனக்கு வாய் துறுதுறுத்தது. கூலாய்ப் பக்கத் தோட்டத்தில் தென்னையேறிக் கள் இறக்கியவர் என் தாத்தா. மழை பெய்து மரம் காயும் வரை ஏறமாட்டார். காய்ச்சல் உடம்போடு ஏறமாட்டார். இன்றைக்கு எந்த வரிசை மரம் என்று பாட்டியிடம் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார். எழுந்து நின்று, அனுமதித் தாளும் ஆபத்து மதிப்பீடும் நமக்குப் புதிதல்ல, வெள்ளைக்காரன் தாளில் எழுதியதை எங்கள் தாத்தா மரத்தடியில் செய்தார் என்று சொற்பொழிவே ஆற்றினேன். ஆட்கள் கைதட்டினார்கள்.

பயிற்சியாளர் கேட்டார். "தாத்தா விழுந்ததே இல்லையா சார்?"

"ஒரு தடவைதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏறல."

உட்கார்ந்துவிட்டேன். தாத்தா கடைசி வரை இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அந்த நடையை நான் சின்ன வயதில் நடித்துக் காட்டி மிட்டாய் வாங்கியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கோல்டன் கேட் பாலத்தின் கதை. வாழையிலைச் சாப்பாடு வேலையைக் காட்டியது, பாதியில் கண்ணயர்ந்துவிட்டேன். சான் பிரான்சிஸ்கோவில் அந்தப் பாலம் கட்டும்போது கீழே முழு நீளத்துக்கும் வலை கட்டினார்கள், அதில் விழுந்து பிழைத்தவர்கள் ஒரு சங்கம் போல ஆகிவிட்டார்கள் என்பது வரை காதில் விழுந்தது. மாலை வினாத்தாளில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று வந்தது. நான் 'அனைவரும்' என்று எழுதினேன். பிழைத்தவர்கள் 19 பேர். நான் தூங்கிய பகுதியில் என்ன நடந்தது என்றால், 1937 பிப்ரவரி 17 அன்று வேலை மேடை ஒன்று ஆட்களோடு பிய்த்துக்கொண்டு வலையில் விழுந்தது. வலை கிழிந்து பத்துப் பேர் இறந்தார்கள். ஆள் விழுந்தால் தாங்கக் கட்டிய வலை, டன் கணக்கில் இரும்பும் மரமும் விழுந்தால் தாங்காது. 103 கிலோக்காரனுக்கு இது இரண்டு முறை சொல்லாமலே புரிந்தது.

மறுநாள் காலைதான் கொக்கி. பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் ஒரு கூரை, ஒரு ஆள், ஒரு கயிறு வரைந்தார். ஆளுக்குக் கொஞ்சம் வயிறு வைத்து வரைந்தார் என்பது என் சந்தேகம். கொக்கி எங்கே என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "காலடியில, சட்டத்துல மாட்டிட்டாங்க சார், உறுதியான இடம்" என்றேன்.

சரி, கூட்டுங்கள் என்றார். கயிறு 1.8 மீட்டர். விழுந்தால் கொக்கிக்குக் கீழே அத்தனை தூரமும் போவீர்கள். கயிற்றின் ஒரு முனையில் மடித்துத் தைத்த பட்டை இருக்கிறது. தையல் பிரிந்து பிரிந்து நீண்டுதான் அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அது 1.75 மீட்டர் வரை நீளலாம். ஹார்னஸ் வளையம் முதுகில், இரு தோளுக்கு நடுவே. அங்கிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கால் தரையைத் தொடாமல் நிற்க இன்னும் ஒரு மீட்டர் இடைவெளி. மொத்தம் ஆறு மீட்டருக்கு மேல் வருகிறது. எங்கள் கம்பெனி ஏறும் கூரைகளில் பாதி நான்கு, ஐந்து மீட்டர்தான். அதாவது ஹார்னஸ் போட்டு, கொக்கி மாட்டி, தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு நேராகத் தரையில் போய் விழலாம். நான்கு மீட்டருக்கு ஒரு நொடி கூட ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர்.

அதே கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் சில சாண் ஆகிவிடுகிறது. மேலே மாட்ட எதுவும் இல்லாத கூரையில் முதலில் அதற்கென்று ஒரு கம்பியோ தூணோ அமைத்த பிறகே வேலை. அதுவும் முடியாது என்றால் விளிம்பை எட்டவே முடியாதபடி கயிற்றைக் குட்டையாக்கலாம், சாரம் கட்டலாம். இதையெல்லாம் விட நல்லது, ஏறாமலே செய்ய வழியிருக்கிறதா என்று கீழே நின்று ஒரு நிமிடம் யோசிப்பது. பிளாஸ்டிக் தகட்டின் மேல் பலகை போடாமல் கால் வைக்கவே கூடாது. கணக்கு ஐந்தாம் வகுப்புக் கூட்டல்தான். ஒன்பது வருடம் திருகு எண்ணியவன் இதை ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை. ராமநாதபுரத்துத் தம்பி பின்வரிசையில் உட்கார்ந்து தன் நோட்டில் படத்தை வரைந்துகொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் தொங்குவது. ஹார்னஸோடு மேலே இழுத்து, கால் தரையில் படாமல் நிறுத்தினார்கள். முதல் அரை நிமிடம் ஊஞ்சல். அடுத்த நிமிடத்தில் தொடைப் பட்டை அறுக்க ஆரம்பித்தது. கால் மரத்தது. நெற்றியில் குளிர்ந்து வேர்த்தது. அசையாமல் தொங்குகிறவருக்கு இரத்தம் காலிலேயே தேங்கி, மயக்கம் வந்து, உயிரே போகலாம். விழாமல் பிழைத்தவர் தொங்கியே சாகக்கூடும் என்று கீழே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். இதே வரி என் ஏழு பக்கத்திலும் உண்டு. 'தொங்கும் நிலையும் தீங்கு பயக்கும்' என்று எழுதியிருந்தேன். பயக்கும்! அங்கே தொங்கிக்கொண்டு நான் அந்தச் சொல்லை நினைத்துப் பார்த்தேன்.

"கம்பெனி பாரத்துல மீட்புத் திட்டம்னு ஒரு கட்டம் இருக்குமே சார், அதுல என்ன எழுதுவீங்க?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"999" என்றேன் மேலேயிருந்து.

"சரி. பொம்பா வர்ற வரைக்கும் தொங்குறீங்களா?"

இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். மூன்று நிமிடம் கூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் ஏதோ புரட்சி நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சில மாற்றங்கள். புதுக் கூரை என்றால் முதலில் ஓர் ஆள் போய்ப் பார்த்துப் படம் வரைந்து, கொக்கி மாட்டும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தகடு இருக்கும் இடத்தில் கட்டம். புள்ளி வைக்க இடமில்லை என்றால் அன்று ஏறுவதில்லை. அதை வரைவது ராமநாதபுரத்துத் தம்பி. என்னை விட நன்றாக வரைகிறான். காலைப் பேச்சையும் அவன்தான் நடத்துகிறான். ஏழு பக்கம் அரைப்பக்கம் ஆகிவிட்டது. நங்கூரப் புள்ளி போய், 'கொக்கி மாட்டுற இடம்' வந்துவிட்டது. கையெழுத்தைத் தாளின் சொந்தக்காரர்களே போடுகிறார்கள்; எண்ணெய்க் கறையோடு கோப்பில் போகிறது. அன்று நான் எச்சில் தொட்டுப் புரட்டிய பக்கத்தையும் ஒரு காலையில் வாசித்தேன். முதலாளி ஈப்போ போயிருந்த நாள் அது.

பொய்க் கையெழுத்தைப் பற்றித் தம்பியிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது. கேட்டுவிட்டு, "தெரியும்ணே, அந்த வாரம் என் கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு" என்றான்.

தீபாவளிக்கு மச்சான் வந்திருந்தான். தினமும் தம்பாக் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். முறுக்கு ஏன் இல்லை என்ற விசாரணையில் நாற்காலிக் கதை வெளியே வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2014 மே மாதத்திலிருந்தே 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் யாரையும் ஏற விடமாட்டார்கள் என்று ஆரம்பித்தான். எனக்கு ரோஷம். நம் நாட்டில் 1970ஆம் ஆண்டு விதியிலேயே, பத்து அடிக்கு மேல் விழக்கூடிய இடமென்றால் பாதுகாப்பு செய்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது, உங்களை விட நாங்கள் 44 வருடம் மூத்தவர்கள் என்றேன்.

"சரி மாமா. மேசை எத்தனை அடி?"

மேசை இரண்டரை. நாற்காலி ஒன்றரை. நான்கடி. நாங்கள் இருவரும் சொன்ன எந்த விதியும் எட்டிப் பார்க்காத உயரம். பயிற்சியில் கற்றதையெல்லாம் கூரைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வெறும் கையோடு வந்திருக்கிறேன்.

மறுநாள் ஏணி வாங்கினேன். அலுமினியம், ஏழு படி, 150 கிலோ தாங்கும் என்று பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வாங்குவதற்கு முன் அதை இரண்டு முறை படித்தேன். மாசாய், பிளெந்தோங் பக்கம் இருப்பவர்கள் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க இரவல் கேட்கலாம், தாராளமாகத் தருகிறேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளையும் கையோடு கூட்டி வாருங்கள்.